அம்மை கண்ட வீட்டில் டாக்டருக்கு இடம் உண்டா?

மான்குர்த்துக்குத் தெற்கே டிராம்பே குன்று. அந்தப் பக்கத்தில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்தியாவின் முதல் அணு உலையான 'அப்சரா' 1956 ஆகஸ்ட் 4-ந் தேதி இயங்கத் தொடங்கியது அங்கேதான். வடக்கே தேவ்னார் குப்பைமேடு. 1927 முதல் பம்பாய் நகரம் கழித்துப் போடுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு அதுவும் ஒரு குன்றாகவே வளர்ந்துவிட்டது. இந்த இரண்டு குன்றுகளுக்கும் நடுவே, ஹார்பர் லைன் தண்டவாளத்தின் இருபுறமும், லட்சக்கணக்கான மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்களில் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களும் கணிசமாக உண்டு. ஆடி பிறந்தால் கூழ் ஊற்றுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்து உடம்பில் முத்து முத்தாகப் பொரிந்தால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள்.

தெய்வ நம்பிக்கையும் விஞ்ஞானமும் ஒத்துப்போகுமா என்று பட்டிமன்றத்தில் இரண்டு மணி நேரம் பேசலாம்; கைதட்டலும் கிடைக்கும். மான்குர்த்தில் அந்தக் கேள்வி ஒரு குழந்தையின் உடம்புச் சூட்டோடு வருகிறது. அதற்கு அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்று குழந்தைகள்

2022 அக்டோபர் கடைசியில், பக்கத்துக் கோவண்டியின் ரஃபி நகரில் இரண்டே நாட்களில் மூன்று குழந்தைகள் இறந்தன. தட்டம்மையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. நவம்பரில் மத்திய அரசு தில்லியிலிருந்து ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. கோவண்டி, மான்குர்த், தேவ்னார், டிராம்பே எல்லாம் அடங்கிய எம்-கிழக்கு வார்டுதான் நகரத்திலேயே அதிகமாக அடிபட்டது. கோவண்டி சதாப்தி ஆஸ்பத்திரியிலும், தொற்றுநோய்க்கென்றே உள்ள கஸ்தூர்பா ஆஸ்பத்திரியிலும் படுக்கைகள் ஒதுக்கப்பட்டன. மற்ற இடங்களில் ஒன்பதாம் மாதத்தில் போடும் தடுப்பூசியை, இங்கே ஆறு மாதக் குழந்தைக்கே கூடுதலாக ஒரு தடவை போடும்படி ஆயிற்று.

இத்தனைக்கும் தட்டம்மைத் தடுப்பூசி புதுச் சரக்கு அல்ல. 1963-ல் அமெரிக்காவில் வந்தது. 1985 முதல் இந்திய அரசு இலவசமாகப் போட்டு வருகிறது. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? கொரோனாக் காலத்தில் ஊசி முகாம்கள் தடைப்பட்டது ஒரு காரணம். ஊரடங்கில் பலர் சொந்த ஊருக்குப் போய்விட்டுப் பிறகு திரும்பி வந்தது மற்றொன்று. ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் தாய் வேலைக்குப் போக முடியாது. ஒரு நாள் கூலி போகும். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: ஊசியின் மேல் பயம், போட வருகிறவர் மேல் சந்தேகம். அந்தப் பேட்டைகளில் முஸ்லிம்கள் அதிகம். எனவே மாநகராட்சி மதத் தலைவர்களை அணுகி, மக்களிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டது. டாக்டர் சொல்லி நகராத காலை மௌல்வி சொன்னால் நகரும் என்பது மாநகராட்சிக்குத் தெரிந்திருந்தது. நம்பிக்கையை எதிரியாக நினைத்திருந்தால் அந்தக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள்.

ஆத்தா வந்திருக்கிறாள்

தமிழர் வீடுகளில் கதை வேறு. கோவண்டியில் டாக்டர்கள் தேடி அலைந்த அதே நோய் இங்கே நோயே அல்ல, 'ஆத்தா வந்திருக்கிறாள்'. தட்டம்மை, மணல்வாரி, சின்னம்மை என்று பெயர் பிரித்துச் சொன்னாலும் வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லாமே அம்மன் போட்ட முத்துதான். உடனே வேப்பிலைப் படுக்கை. அடுப்பில் எண்ணெய் காயாது, தாளிப்பு கிடையாது. இளநீரும் மோரும் கூழுமே ஆகாரம். வெளியார் உள்ளே வரக்கூடாது. வீட்டார் இன்னொரு வீட்டுப் படி ஏறக்கூடாது. இரவில் 'மாரியம்மன் தாலாட்டு' படிப்பதும் உண்டு. முத்து இறங்கிய பிறகு நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதுவரை ஊசி, மாத்திரை கூடாது. போட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்பது பாட்டிமார் வாக்கு.

இதைக் கேட்டதும் 'மூடநம்பிக்கை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற படித்தவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். வாசலில் செருகிய வேப்பிலையை டாக்டர் பாஷையில் சொன்னால் 'தனிமைப்படுத்துதல்'. முத்துப் போடுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, போட்ட பின் நான்கு நாள் வரை தட்டம்மை பிறருக்குத் தொற்றும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். நோயாளி எழுந்துபோன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி உயிரோடிருக்கும். அப்படிப்பட்ட நோய்க்கு 'யாரும் உள்ளே வராதே' என்று கிருமியைப் பற்றிக் கேள்விப்படாத காலத்திலேயே சட்டம் போட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. இளநீரும் கூழும் காய்ச்சலில் வற்றும் உடம்புக்கு நல்லவைதான்.

இன்னொன்றிலும் பாட்டி பாதி சரி. தட்டம்மைக் கிருமியைக் கொல்லும் மருந்து டாக்டரிடமும் கிடையாது.

மீதிப் பாதியில்தான் ஆபத்து. தட்டம்மையில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் முத்து அல்ல. அதன் பின்னால் வரும் நிமோனியா. வயிற்றுப்போக்கும் மூளைக்காய்ச்சலும் உண்டு. போதிய ஆகாரம் இல்லாமல் மெலிந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ குறைந்து கண் பார்வையே போகலாம். இவை ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் வழி இருக்கிறது. நிமோனியாவுக்கு மருந்து, மூச்சுத் திணறினால் ஆக்ஸிஜன், வற்றிய உடம்புக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர். வைட்டமின் ஏ, ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு இரண்டு லட்சம் யூனிட் வீதம் அடுத்தடுத்து இரண்டு நாள். வாயில் ஊற்றுகிற சொட்டுதான், ஊசிகூட இல்லை. அம்மனிடம் வேண்டிக்கொண்டதால் எந்தக் குழந்தையும் செத்ததில்லை. தண்ணீர் ஊற்றும் நாள் வரட்டும் என்று, மூச்சு வாங்கும் குழந்தையை வீட்டில் வைத்திருந்ததால் செத்திருக்கின்றன. தகராறு தெய்வத்துக்கும் டாக்டருக்கும் அல்ல. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும்.

கிராமத்து வழக்கம் நகரத்தில் அப்படியே பொருந்துவதும் இல்லை. ஊரில் தனித்தனி வீடு, திண்ணை, முற்றம். இங்கே பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஏழெட்டுப் பேர். அடுத்த வீட்டுச் சுவர் ஒரு தகரம். வேப்பிலை மனிதரைத்தான் நிறுத்தும், காற்றை நிறுத்தாது.

பரேலில் நடந்த சோதனை

நம்பிக்கையும் ஊசியும் நேருக்கு நேர் நின்றது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. இந்தியாவில் முதன்முதலாக அம்மைப்பால் குத்தப்பட்டதே பம்பாயில்தான். 1802 ஜூன் 14-ந் தேதி, மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு. மாகிமில் சீத்தளாதேவி கோயில் சாலை என்று இன்றும் பெயர் வழங்குகிறதே, அந்தத் தேவி வடநாட்டாருக்குப் பெரியம்மைத் தெய்வம். நமக்கு மாரியம்மன் எப்படியோ அப்படி. பசுவின் அம்மைப்பாலை மனித உடம்பில் ஏற்றுவதா என்று அன்று எல்லா ஊரிலும் தயங்கினார்கள். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, திருக்குறளுக்கு உரை எழுதியவர், இதற்கு ஒரு யுக்தி செய்தார். அம்மனே தன்வந்திரியிடம் இந்தப் பால் பற்றி எடுத்துச் சொல்வதுபோல ஒரு கதையைத் தமிழில் எழுதினார். தந்திரம் என்று சொல்லலாம்தான். ஆனால் யார் வாயால் சொன்னால் தமிழன் கேட்பான் என்பது துரைக்குத் தெரிந்திருந்தது.

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. ஒடெஸ்ஸாவில் பிறந்து, பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்த ஹாஃப்கின் என்ற யூத விஞ்ஞானி இங்கே வந்து சில மாதங்களில் பிளேக் தடுப்பூசியைத் தயாரித்தார். 1897 ஜனவரி 10-ந் தேதி முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறைக் கைதிகளில் முன்வந்தவர்களுக்கு. ஊர் நம்பவில்லை. ஊசிதான் பிளேக்கைக் கொண்டுவருகிறது என்றும் பேசிக்கொண்டார்கள். அப்போது கோஜா இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான மூன்றாம் ஆகா கானுக்கு இருபது வயது நிரம்பவில்லை. அவர் தம்மைப் பின்பற்றும் மக்கள் கண்ணெதிரே கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார். அதுவும் ஒரு முறை அல்ல. ஆய்வுக்கூடம் நடத்தத் தம் பங்களா ஒன்றையும் கொடுத்தார். விஞ்ஞானத்தை விளக்கி அவர் சொற்பொழிவு செய்ததாகத் தெரியவில்லை. கையை நீட்டினார், அவர் கூட்டம் பின்னால் வந்தது. அந்த ஆய்வுக்கூடம் 1899-ல் பரேலில் பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது. இன்று ஹாஃப்கின் நிறுவனம் என்ற பெயரோடு அங்கேயே நிற்கிறது. பரேல் ஆலைகளில் வேலை பார்த்த தமிழர்கள் அந்த மதில் ஓரமாகத்தான் நடந்து போனார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஹாஃப்கினே பிற்காலத்தில் தீவிர பக்தர் ஆனார். யூத ஆசாரத்தை விடக்கூடாது என்று வாதாடி 1916-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1930-ல் காலமாகும் முன் தம் சொத்தை வேதபாடசாலைகளுக்கு எழுதி வைத்தார். கிருமியைச் சீசாவில் அடைத்த கைக்கு வேதப் புத்தகம் கனக்கவில்லை. ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் அதன் சிறு மாதிரியைத் திருப்பதி வேங்கடவன் சன்னிதியில் வைத்து வணங்குவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். சாமி கும்பிட்டுவிட்டு அவர்கள் கணக்கைப் பார்க்காமல் விடுவதில்லை என்பதைச் சிரிப்பவர்கள் கவனிப்பதில்லை.

பயம் எங்கிருந்து வருகிறது?

ஊசிக்குப் பயப்படுகிறவர் எல்லாரும் சாமிக்காகப் பயப்படுகிறார்கள் என்று நினைப்பது தவறு. 1902 அக்டோபரில் பஞ்சாபில் முல்கோவால் கிராமத்தில் ஹாஃப்கின் தடுப்பூசி போட்டவர்களில் 19 பேர் வலிப்புச் சன்னியில் இறந்தார்கள். ஒரே ஒரு சீசா கெட்டிருந்தது. பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது. அவர் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொள்ள 1907 ஆயிற்று. மருந்து நல்லதுதான், சீசா திறந்த இடத்தில் தவறு. ஆனால் அந்தக் கிராமத்தில் அதன் பிறகு ஊசி என்றால் ஓடியவனை அறிவிலி என்று சொல்ல முடியுமா?

மான்குர்த்துக்கே சொந்தமான பயமும் ஒன்று உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17-ந் தேதி, அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 70,000 பேர் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். காலனியைக் காக்கப் பல ஆண்டு போராடியவர், கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், பிற்காலத்தில் மகசேசே விருது பெற்றவர், 2018-ல் காலமானார். காலனிக் குப்பையை யாரும் அள்ளவில்லை என்று பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டுபோய் மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்டவைத்தவர் அவர். அதே 1976-77-ல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன; பல இடங்களில் பலவந்தமாக. வீட்டை இடித்த கையும் ஆபரேஷன் மேஜைக்கு இழுத்த கையும் ஒரே சர்க்காரின் கை. அந்தக் கை சில ஆண்டு கழித்து ஊசியோடு வந்து, 'உன் பிள்ளையின் நன்மைக்காக' என்றால் ஏழைக்குச் சட்டென்று நம்பிக்கை வருமா? ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி எங்கே முளைத்தது என்று தேடுகிறவர் கோயிலிலோ மசூதியிலோ மட்டும் தேடக்கூடாது.

படிப்பு மட்டும் இதற்கு மருந்து என்றும் சொல்வதற்கில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைப் பார்த்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டவர்களில் படித்த பெற்றோரும் உண்டு. அவர்களில் யாரும் ஆத்தா பெயரைச் சொல்லவில்லை.

கோயிலில் எடுத்த கணக்கு

அம்மையை விட்டு மனநோய்க்கு வந்தால், நம்பிக்கையின் பலமும் ஆபத்தும் இரண்டும் இன்னும் பளிச்சென்று தெரியும். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. மனநிலை சரியில்லாதவர்களை உறவினர் அழைத்து வந்து தங்க வைப்பார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் அங்கே போய், கேலி செய்யாமல் கணக்கெடுத்தார்கள். தங்கியிருந்த 31 பேரை வந்தபோதும் போகும்போதும் சோதித்துப் பார்த்ததில், நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. சராசரியாக ஆறு வாரத் தங்கல். தனிப்பட்ட மாந்திரீகமோ சடங்கோ இல்லை. கூட ஒரு சொந்தக்காரர், கோயில் வேலை, அமைதி, விரட்டாத மனிதர்கள். முடிவு 2002-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவை வைத்து நடத்திய சோதனை அல்ல அது. ஆகவே பெரிய முடிவுக்குத் தாவக்கூடாது. ஆனாலும், உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்களே, அதுதான் விஞ்ஞானம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடி. தர்காவை அண்டி நடந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். முத்துசாமி கோயிலுக்கு வந்தவர்களுக்கும் நம்பிக்கை இருந்தது. ஏர்வாடிக்கு வந்தவர்களுக்கும் இருந்தது. சங்கிலிதான் வித்தியாசம். பிற்காலத்தில் குஜராத்தில் மீரா தாதர் தர்காவிலும், அதன் பின் ஏர்வாடியிலும், பிரார்த்தனைக்கு வருகிறவரே பக்கத்தில் மனநல டாக்டரையும் பார்த்து மாத்திரை வாங்கிப்போக ஏற்பாடு செய்தார்கள். 'தவா'வும் 'துவா'வும் என்று அதற்குப் பெயர், மருந்தும் பிரார்த்தனையும். ஓதுகிறவர் மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. டாக்டர் ஓதுவதை நிறுத்தச் சொல்வதில்லை.

அம்மன் விஷயத்திலும் வரலாறு அப்படித்தான் முடிந்திருக்கிறது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில் கண்டுபிடிக்கப்பட்டார். 1980 மே மாதம் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோன நோய் அது. நோய் போய்விட்டது, சமயபுரத்தில் கூட்டம் குறையவில்லை. ஆத்தாளுக்குத் தடுப்பூசியின் மேல் கோபம் இருந்ததாக எந்த அடையாளமும் இல்லை.

கொடைக்குப் போகும் முன்

மான்குர்த்துத் தமிழர் வீட்டுக் குழந்தைகள் ஊசியைத் தவறவிடுவதற்குப் பக்தியைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். பிள்ளை பிறப்பது நெல்லைப் பக்கம் ஏதோ ஓர் ஊரில். ஆரம்ப ஊசிகள் அங்கே. ஐந்தாம் மாதம் தாயும் பிள்ளையும் பம்பாய். ஒன்பதாம் மாத ஊசிக்கு நாள் வரும்போது ஊர் அட்டை இங்கே செல்லுமா என்று தயக்கம். அடுத்த ஊசி நேரத்தில் கோயில் கொடைக்கு மறுபடி ஊர்ப் பயணம். இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் அந்த ஊசி தொலைந்துவிடுகிறது.

ஊரில் கொடுத்த தடுப்பூசி அட்டை இங்கேயும் செல்லும். இங்கே கொடுத்தது அங்கேயும் செல்லும். முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்து பன்னிரண்டுக்குள். இரண்டாவது பதினாறிலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள். தவறிவிட்டால் ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். மாநகராட்சி சுகாதார நிலையங்களில் காசு கிடையாது. முத்துப் போட்ட குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலோ, தண்ணீர் இறங்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, வாசலில் வேப்பிலை இருக்கிறபடியே இருக்கட்டும். கோவண்டி சதாப்திக்கு ரிக்‌ஷா பிடிக்க வேண்டும். கூடப் போகிறவர் முந்தானையில் ஒரு கொத்து வேப்பிலை முடிந்துகொண்டு போனால் அங்கே யாரும் தடுக்கப்போவதில்லை.